லிட்டில் ஹெரானின் இடது தோள்

மனித நாகரிகத்தின் உச்சி எது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சக்கரம் என்பார் ஒருவர், அச்சு இயந்திரம் என்பார் இன்னொருவர். இவர்களெல்லாம் மினசோட்டாவின் வடக்கே லிட்டில் ஹெரான் என்ற ஊருக்கு வந்ததில்லை. வந்திருந்தால், மனிதகுலம் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் பாடுபட்டது ஒரே ஒரு வாக்கியத்தை அடைவதற்குத்தான் என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். "குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்பதே அந்த வாக்கியம்.

அந்த ஊரில் யாரை நலம் விசாரித்தாலும் இதுதான் பதில். லூத்தரன் தேவாலயத்தின் கூரை பனிப்பாரம் தாங்காமல் உள்ளே இறங்கியபோது போதகர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெளிச்சம் நல்லா வருது" என்றார். உறைந்த ஏரிமேல் ஓட்டிப்போகையில் பனிக்கட்டி உடைந்து தன் டிரக்கைப் பறிகொடுத்த ஒருவர், "பழைய வண்டிதானே" என்றார். அது வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வண்டி. சகிக்கவே முடியாத ஒன்றைக் கண்டால் மட்டும், "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அதைவிடக் கடுமையான வசவு அந்த வட்டாரத்தில் புழக்கத்தில் இல்லை.

இப்பேர்ப்பட்ட ஊரின் மாணிக்கம் ஆர்லிஸ் ட்வைட். கடைத்தெருவில் மாட்டுத்தீவனக் கடைக்குப் பக்கத்தில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை நடத்துபவள். ஊரில் நடுவயதைத் தாண்டிய பெண்கள் வாரம் ஒருமுறை வந்து அவள் நாற்காலியில் உட்காருவார்கள். அவர்களின் முடியை அலசி, சுருட்டி, இரண்டு கையாலும் மேலே தூக்கிச் சீவி, ஒரு கோபுரமாக்கி, அதன்மேல் ஸ்பிரே அடித்து அனுப்புவாள். கோபுரம் அடுத்த வாரம்வரை காற்றுக்கும் பனிக்கும் அசையாது.

ஒரு அக்டோபர் மாதம் ஆர்லிஸும் அவள் கணவன் லோவெலும் மருந்துக்கடைக்குப் போய் ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். போட்டவர் மருந்துக்கடைக்காரர் கர்ட்டிஸ் லூமா. தங்கமான மனுஷர். பனிப்புயலில் நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு மாத்திரையைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித்தருவார். கூச்ச சுபாவம். ஒரு பெண்ணைப் பார்த்து, ஸ்வெட்டர் கையைக் கழற்று என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் எல்லோரிடமும் ஒரே முறைதான். "கழுத்துப்பக்கம் கொஞ்சம் இறக்கிவிட்டாப் போதும்" என்பார். கனத்த ஸ்வெட்டர் கழுத்தை எவ்வளவுதான் இறக்க முடியும்? தோளின் உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும். உட்கார்ந்திருப்பவர் தோளில், நின்றபடியே கர்ட்டிஸ் அங்கேயே ஊசியை இறக்குவார்.

மருந்தின்மேல் பழி சொல்லக்கூடாது. அருமையான மருந்து. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆர்லிஸுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. சதையில் இறங்கவேண்டிய ஊசி மூட்டில் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். எலும்பில் போய் முட்டியதுபோல் இருந்தது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் மருந்துக்கடையே அதிர்ந்திருக்கும்.

"தாங்க்ஸ், கர்ட்டிஸ்" என்றாள் ஆர்லிஸ்.

அடுத்து உட்கார்ந்த லோவெலும் ஸ்வெட்டர் கழுத்தை இறக்கினான். அவனும் தாங்க்ஸ் சொன்னான்.

அன்று இரவே வலி தொடங்கிவிட்டது. மறுநாளிலிருந்தே இடது கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்தது. கிறிஸ்துமஸ் கழிந்தபிறகு ஆர்லிஸ் டாக்டர் எல்லிங்சனைப் பார்க்கப் போனாள். அந்த அம்மாளும் அதே வட்டாரத்துக்காரி. இரண்டு நாகரிகவான்கள் சந்தித்துக்கொண்டால் உரையாடல் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு பாடம்.

"எப்படி இருக்கீங்க, ஆர்லிஸ்?"

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க?"

"நல்லா இருக்கேன். என்ன விஷயம்?"

"பெரிசா ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன். இடது கை கொஞ்சம் மேல போக மாட்டேங்குது."

"வலிக்குதா?"

"வலின்னு சொல்ல முடியாது."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா."

"தூக்கம் எப்படி?"

"அதெல்லாம் வருது. படுக்காம இருந்தா."

டாக்டர் கணினியில் பதிவு செய்தார்: நோயாளி நலம். வலி இல்லை என்கிறார்.

ஆர்லிஸ் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அழுதாள். கண்ணாடியில் ஆவி படியும்வரை அழுதாள். அந்தப் பக்கம் வந்த போதகர் கையசைத்தபோது அவளும் கையசைத்தாள், வலது கையை.

வசந்தம் வருவதற்குள் விஷயம் முற்றிவிட்டது. நகரத்து எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, அறுவை சிகிச்சை வேண்டும், பிறகு மாதக்கணக்கில் கைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்றார். ஓய்வு என்றால் கடையை மூடவேண்டும். லிட்டில் ஹெரானில் மூடிய கடை திரும்பத் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. செருப்புக்கடை அப்படிப் போனது, பேக்கரி அப்படிப் போனது. அடுத்தது தன் கடைதான் என்று ஆர்லிஸுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த நாற்காலி இல்லாத ஆர்லிஸ் யார் என்று அவளுக்கே தெரியாது.

இதற்கெல்லாம் அரசாங்கம் வழி வைத்திருந்தது. தடுப்பூசியால் இப்படி எப்போதாவது யாருக்காவது தீங்கு நேர்ந்தால் ஈடுகட்ட வாஷிங்டனில் ஒரு நிதி உண்டு, அதற்கென்று ஒரு தனி நீதிமன்றமும் உண்டு. வழக்கு ஜெயித்தால் சிகிச்சைச் செலவும், கடை மூடிக்கிடக்கும் மாதங்களுக்கான ஈடும் கிடைக்கும். ஆர்லிஸ் ஒரு வக்கீலைப் பிடித்தாள். விக்டர் ரோசெல்லி என்று பெயர். மினியாபொலிஸில் தொழில் செய்தாலும் நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவர். அதாவது, குறை சொல்வதையே தாய்மொழியாகக் கொண்டவர்.

"இன்னும் வலிக்குதாங்க?" என்று போனில் கேட்டார் ரோசெல்லி.

"கொஞ்சம்."

"அருமை. ரொம்ப சந்தோஷம். ஊசி போட்டு அஞ்சு மாசம் ஆச்சா? ஆறு மாசம் தாண்டியும் வலி இருக்கணும், அதான் சட்டம். அதுக்குள்ள தயவுசெஞ்சு குணமாயிடாதீங்க."

"முயற்சி பண்றேன்" என்றாள் ஆர்லிஸ். அவள் யாருக்கும் சிரமம் கொடுக்க விரும்பாதவள்.

சட்டத்தின் ஆழத்தை இங்கே நாம் வியக்கவேண்டும். ஆறு மாதம் நீடிக்காத துன்பம் துன்பமே அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்து ஐந்தாவது மாதம் கையைத் தூக்கிவிட்டவன் அவசரக்குடுக்கை. பொறுமையாக அவதிப்பட்டவனே பூமியை ஆள்வான்.

"யார்மேல வழக்கு போடறோம்?" என்று கேட்டாள் ஆர்லிஸ். "கர்ட்டிஸ் மேல இல்லியே?"

"சேச்சே. ஊசி போட்டவர் இதுல வரவே மாட்டார். யார் தப்புன்னு இந்தக் கோர்ட்டு கேக்கறதே இல்ல. நாட்டோட சுகாதார அமைச்சர்தான் எதிராளி. பேருக்குத்தான்."

"அவரு பாவம் எனக்கு என்ன பண்ணினாரு? ஏதோ கோவம்னு நெனச்சுக்கப் போறாரு. ஒரு ஆப்பிள் கேக் சுட்டு அனுப்பட்டுமா?"

ரோசெல்லி காகிதங்களைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. "அம்மா, உங்க மருத்துவப் பதிவு பூரா என் முன்னால இருக்கு. முதல் தடவை ‘நலம்’. ரெண்டாவது தடவை ‘நலம், பனி பற்றிப் பேசினார்’. மூணாவது தடவை டாக்டரோட முதுகுவலியை நீங்க விசாரிச்சிருக்கீங்க. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே இல்ல. இதை வாசிச்சுக் காட்டிட்டுச் சாப்பிடப் போயிடுவாரு. விசாரணையில நீங்க குறை சொல்லியே ஆகணும். வாயத் தொறந்து. பழகிக்குங்க."

அப்படியாக, அறுபது வயதில் ஆர்லிஸ் குறை சொல்லப் பயிற்சி எடுக்கத் தொடங்கினாள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை மேசையில் லோவெல் நீதிபதியாக உட்காருவான். மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன் அவன். நீதிபதிக்கு வேண்டிய முகம் இயற்கையாகவே அமைந்திருந்தது.

"தோள் எப்படி இருக்கு?" என்றான் லோவெல்.

"ஒண்ணும்... அதாவது... முன்ன மாதிரி இல்ல."

"இது குறை இல்ல, ஆர்லிஸ். இது வானிலை அறிக்கை."

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது."

"கொஞ்சம் பக்கத்துல வந்துட்ட. இன்னும் மோசமா சொல்லு."

ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். "வித்தியாசமா இருக்கு" என்றாள்.

லோவெல் அதிர்ந்துபோய் எழுந்துவிட்டான். கட்டின பெண்டாட்டி வாயில் அப்படியொரு சொல்லை அவன் கேட்டதில்லை. வெளியே போய்க் கொஞ்சம் விறகு அடுக்கலாம் என்று கோட்டை எடுத்தான். இப்போதெல்லாம் அவன் கோட்டை நாற்காலியின்மேல் விரித்துப் போட்டு, பின்பக்கமாகவே குனிந்து அதற்குள் நுழைவது வழக்கம். வயதாகிறது என்று ஆர்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

வாஷிங்டன் அவசரப்படும் ஊர் அல்ல. விசாரணைக்கு நாள் குறிக்க இன்னொரு குளிர்காலம் ஆயிற்று. இதற்கிடையே ஆர்லிஸ் கடையை மூடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் கோபுரங்களை எழுப்பிவந்தாள். முடித்ததும் பின்னால் கண்ணாடி காட்டி, "சரியா இருக்கா?" என்பாள். "பிரமாதம்" என்பார்கள். கூடவே ஊருக்குள் தடுப்பூசிக் காலமும் வந்துபோனது. கர்ட்டிஸும் ஒரு தோள் விடாமல் சேவை செய்தார்.

விசாரணை கணினித் திரை வழியாக நடந்தது. தேவாலயக் கூடத்தில் பெரிய திரை ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்கு எதிரே ஆர்லிஸ், பக்கத்தில் ரோசெல்லி, பின்வரிசையில் சாட்சி சொல்ல வந்த ஐந்து வாடிக்கைக்காரிகள். ஓரத்தில் லோவெல், காப்பிப் பாத்திரத்துக்குக் காவல். திரைக்குள் நீதிபதி, மெலிந்த பெண்மணி. இன்னொரு கட்டத்தில் அரசாங்க வக்கீல், நல்ல பையன், கிளிப்பிள்ளைபோல் பேசினான்.

"பதிவுகள்ல எங்கயும் வலின்னு இல்லீங்க, கனம் நீதிபதி அவர்களே. ‘நலம்’னுதான் இருக்கு. ஊசி போட்டு ரெண்டு நாளைக்குள்ள வலி வந்திருக்கணும்ங்கறது விதி. இவங்க ‘கொஞ்ச நாளா’ன்னு சொல்லியிருக்காங்க."

ரோசெல்லி முதல் சாட்சியாக மாவிஸைக் கூப்பிட்டார். மாவிஸ், ஆர்லிஸின் பால்ய சிநேகிதி.

"ஊசி போட்டதுக்கு அப்புறம் ஆர்லிஸ் எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு கோர்ட்டுக்குச் சொல்லுங்க."

மாவிஸ் எழுந்து நின்றாள். தோழியைக் காப்பாற்றவேண்டும். ஆனால் தோழி கஷ்டப்படுகிறாள் என்று நாலுபேர் முன்னால் சொன்னால் அது தோழியை அவமானப்படுத்துவது. "அவ நல்லாவே சமாளிக்கறா" என்று பெருமையோடு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டெலோரிஸ், "அவ குறைன்னு ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்ல" என்றாள். மற்ற மூவரும் அதை வழிமொழிந்தார்கள். அரசாங்க வக்கீல் தன் கட்சிக்கே இவ்வளவு நல்ல சாட்சிகள் கிடைத்ததில்லை என்பதுபோல் முழித்தான். ரோசெல்லி நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஒன்றரை வருஷமாகக் காப்பாற்றிய கடை அந்தக் கூடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, தேவாலயத்தின் கூரையைப் போலவே.

அப்போதுதான் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஒரு நிமிஷம். பின்வரிசையில இருக்கறவங்க எல்லாரும் தலையை நேரா வைங்க."

"நேராத்தான் வெச்சிருக்கோம்" என்றாள் மாவிஸ்.

ஐந்து கோபுரங்களும் இடது பக்கம் சரிந்திருந்தன. வலப்பக்கம் கம்பீரமாக எழும்பி, உச்சி தாண்டியதும் இடப்பக்கம் அப்பளமாகப் படுத்துக்கிடந்தன. ஒரு தலை சாய்ந்திருந்தால் அது தலை. ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது சாட்சி.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார் நீதிபதி.

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் டெலோரிஸ், "ஊசி போட்ட அந்த வாரத்துலேருந்தேங்க" என்றாள். "மறுநாள் எனக்கு முறை. அதுக்கு அடுத்த நாள் என் தங்கச்சி மகன் கல்யாணத்துக்கு இப்படித்தான் போனேன். போட்டோ எல்லாம் இருக்கு."

"அவங்ககிட்ட சொல்லலியா?"

"எப்படிங்க சொல்றது?" என்றாள் டெலோரிஸ். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

ஆர்லிஸ் திரையில் தெரிந்த அந்த வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு தலையாகக் கண்ணாடியில் பார்த்தபோது அவளும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டவள்தான். ஐந்தையும் சேர்த்து அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஈஸ்டருக்கும் இவர்கள் இப்படியே போயிருக்கிறார்கள். வாரம் தவறாமல் வந்து, காசு கொடுத்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஆர்லிஸ் அம்மா" என்றார் நீதிபதி. "தோள் வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள் ஆர்லிஸ்.

கூடத்தில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். ஆனால் மதகு திறந்துவிட்டது. "அன்னிக்கு ராத்திரியே வந்திடுச்சு. அன்னிலேருந்து நாற்காலியிலதான் தூங்கறேன். உள்சட்டை கொக்கியைப் போட முடியல. என் பேத்தியத் தூக்க முடியல, அது கைய நீட்டிட்டு நிக்குது. ஒண்ணரை வருஷமா வலிக்குது. எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு." சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

வழக்கு ஜெயித்தது. தங்கச்சி மகனின் கல்யாணப் போட்டோக்கள் தேதியோடு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. தீர்ப்பில் எல்லாம் தெளிவாக இருந்தது: தீங்கு நேர்ந்தது உண்மை, ஊசியால் நேர்ந்தது உண்மை, ஈடு தரப்படும். யாரால் நேர்ந்தது என்ற அநாகரிகமான கேள்வி அதில் எங்கும் இல்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். விசாரணை நாளன்று திரை அணைந்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். லோவெல் தன் கோட்டை மேசையில் விரித்து, பின்பக்கமாக அதற்குள் நுழையத் தொடங்கினான். ஆர்லிஸ் முதல்முறையாக அதை நின்று பார்த்தாள்.

"லோவெல். இடது கையத் தூக்கு."

அவன் தூக்கினான். மார்புவரைதான் வந்தது.

"ஏன் சொல்லல?"

"நீ சொல்லல. உன்னுது பெரிய வலி. நடுவுல நான் எதுக்குன்னுட்டு."

மாவிஸ் மெல்லத் தன் தோளைத் தடவிக்கொண்டாள். "எனக்கும் கர்ட்டிஸ்தான் போட்டான்" என்றாள். "உன்னுது மாதிரியெல்லாம் இல்ல." டெலோரிஸுக்கும் ஓரளவு அப்படித்தான்.

ரோசெல்லி பெட்டியைக் கீழே வைத்தார். "இதை அந்தக் கர்ட்டிஸ்கிட்ட யாராவது சொல்லியாச்சா? ஸ்வெட்டர் கையக் கழட்டச் சொல்லி, ரெண்டு அங்குலம் கீழ போட்டாப் போதும். தீர்ந்தது விஷயம்."

எல்லோரும் தங்கள் காப்பியைப் பார்த்தார்கள்.

"கோர்ட்டுலேருந்து அவனுக்குக் கடிதம் ஏதும் போகுமா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"போகாது. அவரு வழக்குலயே இல்லியே."

"அப்பாடா" என்றாள் மாவிஸ். "தெரிஞ்சா அவன் மனசு ஒடிஞ்சுபோயிடும். அதுவும் ஹாக்கி போட்டி நடக்கற நேரத்துல."

ஹாக்கி முடிந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. ஹாக்கி முடிந்ததும் மீன்பிடி காலம் வந்தது. அப்போது யாரும் கெட்ட விஷயம் பேசமாட்டார்கள். பிறகு கர்ட்டிஸின் மகள் கல்யாணம். கோடையில் ஆர்லிஸுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கடை மூடியிருந்தது, நிதியின் புண்ணியத்தில் திரும்பவும் திறந்தது. கோபுரங்கள் நிமிர்ந்தன. செப்டம்பரில் வணிகர் சங்கம், ஒரு குறையும் வராத சேவைக்காகக் கர்ட்டிஸுக்குக் கேடயம் கொடுத்தது. ஊரே எழுந்து நின்று, கையை உயர்த்தாமல் தட்டியது.

அக்டோபரில் மருந்துக்கடையில் வழக்கம்போல் வரிசை. வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றினார்கள். எல்லோரும் உள்ளே கையில்லாத சட்டை போட்டுவந்திருந்தார்கள். லோவெல் பனியனோடு நின்றான்.

"என்ன எல்லாரும் கோடை உடுப்புல வந்திருக்கீங்க?" என்றார் கர்ட்டிஸ் கூச்சத்தோடு.

"புழுக்கமா இருக்கு" என்றாள் மாவிஸ், நடுங்கிக்கொண்டே.

ஆர்லிஸின் முறை வந்தது. வெற்று வலது கையை நீட்டினாள். முழுக் கையும் கண்ணெதிரே இருந்ததால் ஊசி சரியான இடத்தில், பஞ்சுபோல் இறங்கியது.

"முன்னால போட்டது ஏதாவது தொந்தரவு குடுத்துச்சா, ஆர்லிஸ்?"

வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. ஆர்லிஸின் நாக்குவரை வந்தது அந்த வார்த்தை. ஒருமுறை சொல்லிப் பழகிய வார்த்தைதான்.

"குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, கர்ட்டிஸ்."

கடைசியாக நின்றவள் மரிசோல். ஆகஸ்டில்தான் அரிசோனாவிலிருந்து வந்திருந்த மழலையர் பள்ளி ஆசிரியை. குளிர் பழகாத பெண், கழுத்துவரை மூடிய கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்துப்பக்கம் இறக்கிவிட்டு, "இது போதுமா?" என்றாள்.

"தாராளம்" என்றார் கர்ட்டிஸ்.

தோளின் உச்சி மட்டும் எட்டிப் பார்த்தது. ஆர்லிஸ் அதைப் பார்த்தாள். மாவிஸ் பார்த்தாள், டெலோரிஸ் பார்த்தாள், லோவெல் தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

"ஸ்வெட்டர் ரொம்ப அழகா இருக்கு, மரிசோல்" என்றாள் ஆர்லிஸ்.

ஊசி இறங்கியது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு சிரித்தாள். "தாங்க்ஸ், கர்ட்டிஸ்" என்றாள்.

மாவிஸ் பூரித்துப்போய் ஆர்லிஸின் காதில் சொன்னாள்: "நம்ம ஊர்க்காரியாவே ஆயிட்டா."